வெற்றுக் கட்டங்கள்: ஒரு ரப்பர் பால் கொள்முதல் நிலையத்தில் வடிவமைப்புக்கு முன்பே புறநடத்தையை எழுதிய அனுபவம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

குலசேகரத்துக்கு அருகே, மலையடிவாரத்தில், சிறு ரப்பர் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் பால் கொள்முதல் நிலையம் அது. உறுப்பினர்கள் ஏறத்தாழ 140 பேர். பெரும்பாலோருக்கு ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர்தான். விடியற்காலையில் மரப்பட்டையை வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். சேகரித்த பால் நேரமானால் கட்டிவிடும். அதனால் காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே ஐம்பது அறுபது கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும். எடை போட்டு, மாதிரி எடுத்து, அம்மோனியா சேர்த்துப் பேரலில் ஊற்றுவார்கள். அந்த இரண்டு மணி நேரம் அங்கே யாராலும் நின்று பேச முடியாது.

பாலுக்குப் பணம் எடையை வைத்து மட்டும் கொடுப்பதில்லை. பாலில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த ரப்பர் பொதுவாக நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது பங்குதான் இருக்கும். அந்தப் பங்கைத்தான் டி.ஆர்.சி. என்கிறோம். ஒவ்வொரு கேனிலிருந்தும் சிறிது பாலை எண் போட்ட புட்டியில் எடுத்து, அதில் 10 கிராம் நிறுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, மெல்லிய ஏடாக உருட்டி, அதே எண்ணுள்ள தட்டில் வைத்து 70 டிகிரி சூட்டில் இரவு முழுக்க உலர்த்தி, மறுநாள் மறுபடியும் நிறுப்பார்கள். 10 கிராம் 3.42 கிராமாக வந்தால் டி.ஆர்.சி. 34.2. ஆக, பால் கொடுக்கும்போது அதன் மதிப்பு யாருக்கும் தெரியாது. அது மறுநாள்தான் தெரியும். இந்த ஒரு நாள் இடைவெளிதான் பின்னால் சொல்லப்போகும் சிக்கல்கள் பலவற்றுக்கும் காரணம்.

நாங்கள் தக்கலையில் இரண்டு பேராக மென்பொருள் வேலை செய்கிறோம். நிலையத்தின் நோட்டுக் கணக்கைக் கணினிக்கு மாற்றித் தரும்படி எங்களிடம் கேட்டார்கள்.

முதல் முயற்சி, 2021

முதல் தடவை எல்லோரும் செய்வது போலவே செய்தோம். இரண்டு நாள் போய்ப் பார்த்தோம். திரைகளை வரைந்து காட்டினோம். செயலாளர், கணக்கர், எடை போடுபவர் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். டேட்டாபேஸ் போட்டு, இரண்டு மாதத்தில் எழுதி முடித்துக் கொடுத்தோம்.

ஐந்தாவது வாரம் நோட்டுக்கே திரும்பிவிட்டார்கள். பெரிய கோளாறு என்று ஒன்றும் இல்லை. மாதிரி கொட்டிப்போனால் என்ன செய்வது, பணம் கொடுத்த பிறகு எடையில் தவறு தெரிந்தால் என்ன செய்வது என்று தினமும் ஒரு கேள்வி வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மென்பொருள் ஏதோ ஒரு பதில் சொன்னது. அந்தப் பதிலை யாரும் தீர்மானித்திருக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு நிரல் எழுதும்போது எங்களுக்குத் தோன்றியதுதான் அங்கே விதியாகிவிட்டிருந்தது. அதில் 140 குடும்பங்களின் வாரப் பணம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை: எடுத்த முடிவும் காரணமும்

2023 தொடக்கத்தில் மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்போது மரங்கள் இலையுதிர்க்கும் காலம். பிப்ரவரி, மார்ச்சில் பால்வெட்டு ஏறக்குறைய நின்றுவிடும். பேச ஆறு வாரம் நேரம் இருந்தது. இந்த ஆறு வாரத்தில் ஒரு வரிகூட நிரல் எழுதுவதில்லை, திரை வரைவதில்லை, டேட்டாபேஸ் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த அமைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதுவோம். பேச்சில் அதை 'ஸ்பெக்' என்றோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கக் கடற்படையின் ஏ-7 விமானத்துக்கான மென்பொருளின் தேவைகளை 1978-ல் கடற்படை ஆய்வுக்கூடத்தில் டேவிட் பார்னாஸ், கேத்ரின் ஹெனிங்கர் முதலியோர் இப்படித்தான் எழுதினார்கள். உள்ளே எப்படிச் செய்வது என்பதைத் தொடாமல், வெளியே தெரியும் உள்ளீடு, வெளியீடு, அவற்றுக்கிடையே உள்ள உறவு ஆகியவற்றை அட்டவணைகளாகப் போட்டார்கள். அட்டவணையின் பலம் இரண்டு கேள்விகளில் இருக்கிறது. எல்லா நிலைமைக்கும் பதில் இருக்கிறதா? ஒரே நிலைமைக்கு இரண்டு பதில் வருகிறதா? உரைநடையாகப் பத்துப் பக்கம் எழுதினால் இந்த ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. அட்டவணையில் கட்டம் காலியாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

இசட் போன்ற கணிதக் குறியீட்டு மொழியில் எழுதலாமா என்றும் யோசித்தோம். துல்லியம் கிடைக்கும், ஆனால் செயலாளரும் கணக்கரும் படித்து "இது தப்பு" என்று சொல்ல முடியாமல் போகும். அப்படி ஆனால் எழுதியதில் பயனில்லை. எனவே தமிழில் அட்டவணை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள். 'ரசீது' என்றால் ஒரு கேன், ஒரு எடை, அவ்வளவுதான்.

பணம் பற்றியும் ஒரு முடிவு எடுத்தோம். ஸ்பெக்குக்குத் தனிக் கூலி பேசிக்கொண்டோம். முடிந்ததும் அது நிலையத்தின் சொத்து. எங்களிடம்தான் மேற்கொண்டு வேலை கொடுக்க வேண்டும் என்றில்லை, அதை யாரிடம் கொடுத்தும் செய்துகொள்ளலாம். இதைச் சொன்ன பிறகுதான் நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. அப்படியும் நான்காவது வாரத்தில் ஒருவர் கேட்டார்: "இப்பவும் பேப்பர்தானே எழுதுறீங்க, புரோகிராம் எப்போ தம்பி?" கேட்டது நியாயம்தான். கையில் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை.

வெற்றுக் கட்டங்கள்

ஒரு ரசீது ஐந்து நிலைகளில் ஒன்றில் இருக்கும்: எடை போட்டது, மாதிரி உலர்கிறது, முடிவு வந்தது, பணம் கொடுத்தது, ரத்தானது. அதற்கு நடக்கக்கூடியவை ஏழு: எடை எழுதுதல், மாதிரி எண் கொடுத்தல், உலர் எடை எழுதுதல், மாதிரி கெட்டுப்போதல், எடைத் திருத்தம், பணம் கொடுத்தல், ரத்து செய்தல். ஆக 35 கட்டங்கள். கேட்டறிந்ததை வைத்து நாங்கள் 21-ஐ நிரப்பினோம். 14 காலி.

பெரிய தாளில் அச்சிட்டு, காலியான கட்டங்களுக்கு மஞ்சள் தீட்டி, அலுவலக மேசையில் விரித்தோம். செயலாளர் பார்த்துவிட்டு எட்டுக் கட்டங்களில் "இது நடக்காது" என்றார். நாங்களும் அப்படியே எழுதியிருப்போம். ஆனால் அன்று ஆய்வக உதவியாளரும் கணக்கரும் பக்கத்தில் இருந்தார்கள்.

முதல் கட்டம்: மாதிரி உலர்ந்துகொண்டிருக்கும்போதே பணம் கொடுப்பது. "டி.ஆர்.சி. வராம எப்படிப் பணம் கொடுப்பது? நடக்காது" என்றார் செயலாளர். கணக்கர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நடக்கும் சார். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு வந்து நின்னா, நாளைக்கு வாங்கன்னு சொல்ல முடியுமா? உத்தேசமா கொடுத்துட்டு அடுத்த பில்லுல கழிச்சுருவேன்." பல வருடமாக நடக்கும் வழக்கம். அது அவருடைய சட்டைப்பை நோட்டில் மட்டும் இருந்தது. முதல் முயற்சியில் எங்கள் மென்பொருள் இதைத் தடுத்தது. அவர் நோட்டுக்குத் திரும்பியதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. முன்பணம் என்று ஒரு விதி எழுதினோம். உச்ச அளவைக் குழு தீர்மானித்தது.

அடுத்தது, மாதிரி கெட்டுப்போதல். கருகிப்போகும், கொட்டிப்போகும், சில சமயம் எலி இழுத்துவிடும். அப்போது எந்த டி.ஆர்.சி.? உறுப்பினரின் முந்தைய மூன்று முடிவுகளின் சராசரி என்று ஒத்துக்கொண்டார்கள். அட்டவணை உடனே அடுத்த கேள்வியைக் கேட்டது: மூன்று முடிவே இல்லாத புது உறுப்பினருக்கு? அன்றைய நிலையச் சராசரி. அன்று வந்ததே ஒரு கேன் என்றால்? இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதில் ஒவ்வொன்றும் ஒருநாள் காலை எட்டரை மணிக்கு வரிசையில் ஆள் நிற்கும்போது வரப்போகிற கேள்வி.

விலையிலும் இரண்டு வழக்கம் இருந்தது தெரிந்தது. ரப்பர் வாரியம் அறிவிக்கும் கோட்டயம் விலையை ஒட்டித்தான் நிலையம் விலை போடும். ஒரு கணக்கர் பால் வந்த நாளின் விலையைப் போடுவார். அவர் விடுப்பில் போனால் பதிலுக்கு வருபவர் பில் போடும் நாளின் விலையைப் போடுவார். இருவரும் தாங்கள் செய்வதே விதி என்று நம்பியிருந்தார்கள். குழு கூடி, பால் வந்த நாளின் விலை, அன்று அறிவிப்பு இல்லையென்றால் அதற்கு முன் கடைசியாக அறிவித்த விலை என்று முடிவெடுத்தது.

அப்புறம் பைசாவை எங்கே முழுமையாக்குவது என்ற கேள்வி. 46.5 கிலோ பால், டி.ஆர்.சி. 34.2 என்றால் காய்ந்த ரப்பர் 15.903 கிலோ. ஒரு பேச்சுக்கு கிலோ 180 ரூபாய் என்றால் 2862 ரூபாய் 54 பைசா. எடையை முதலில் 15.9 ஆக்கிவிட்டால் சரியாக 2862 ரூபாய். ஐம்பத்து நாலு பைசாதான்; ஆனால் வீட்டில் போட்ட கணக்கும் ரசீதும் ஒத்துப்போகவில்லை என்றால் விவசாயி நம்பிக்கை இழப்பார். கடைசித் தொகையில் மட்டும் முழு ரூபாயாக்க வேண்டும், நடுவில் எங்கும் கூடாது என்று எழுதினோம்.

மாதிரி எண்

எந்த நேரத்திலும் மாறாமல் இருக்க வேண்டியவை என்று சில வாக்கியங்களையும் எழுதினோம். பணம் கொடுத்த ரசீது மாறாது; திருத்தம் இருந்தால் அடுத்த பில்லில்தான். ஒவ்வொரு உலர் எடையும் ஒரே ஒரு ரசீதுக்குத்தான் போகும். இரண்டாவது வாக்கியம் அட்டவணையிலிருந்து உண்மையிலேயே கிடைக்கிறதா என்று கையால் சரிபார்க்க முடியவில்லை. அந்தச் சிறு பகுதியை மட்டும் அலாய் என்ற மொழியில் எழுதினோம். எம்.ஐ.டி.யில் டேனியல் ஜாக்சன் குழுவினர் உருவாக்கியது அது. சின்ன அளவுக்குள் சாத்தியமான எல்லா நிலைமைகளையும் தேடிப் பார்த்து, வாக்கியம் பொய்யாகும் இடம் இருந்தால் எடுத்துக் காட்டும்.

மூன்று ரசீது, இரண்டு எண், நான்கு நாள் என்று கொடுத்ததும் பொய்யாகும் இடத்தைக் காட்டிவிட்டது. திங்கட்கிழமை எண் 1-ல் ஒருவரின் மாதிரி. இரவு மின்சாரம் இல்லை, உலரவில்லை. செவ்வாய்க்கிழமை அதே எண் 1 வேறொருவருக்கு. புதன்கிழமை 'எண் 1' என்று ஒரு உலர் எடை வருகிறது. யாருடையது? நிலையத்தில் 60 எண்கள். தினமும் காலையில் ஒன்றிலிருந்து மறுபடியும் தொடங்குவார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் மின்தடை புதிதில்லை.

இதைப் படம் போட்டுக் காட்டியபோது ஆய்வக உதவியாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சார், ரெண்டு வருசம் முன்ன ஒருத்தருக்கு டி.ஆர்.சி. 19 வந்துதே. தண்ணி கலந்தாருன்னு சொன்னோமே."

அந்த உறுப்பினர் அன்று சண்டை போட்டுவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. எண் மாறித்தான் அப்படி ஆனது என்று இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகியிருக்க முடியும் என்பது தெரிந்தது. செயலாளர் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார். இந்த வேலையில் எனக்கு மிகப் பெரியதாகப் பட்டது இதுதான். இன்னும் ஒரு வரி நிரல் எழுதப்படவில்லை.

தீர்வும் மென்பொருளில் இல்லை. சிவப்பு எண்களில் இன்னொரு 60 புட்டியும் தட்டும் வாங்கினார்கள். ஒருநாள் வெள்ளை, ஒருநாள் சிவப்பு. ஸ்பெக்கில் ஒரு விதி சேர்ந்தது: முடிவு வராத எண்ணை மறுபடியும் கொடுக்க அமைப்பு மறுக்கும். அலாயில் திரும்ப ஓட்டினோம். பொய்யாகும் இடம் எதுவும் அகப்படவில்லை.

தொடர்ந்து நடந்தது

மார்ச் கடைசியில் 18 பக்க ஆவணத்தைக் குழு பக்கம் பக்கமாக வாசித்துக் கையெழுத்திட்டது. வடிவமைப்பும் நிரலும் ஏழு வாரத்தில் முடிந்தன. சோதனைக்குத் தனியாக எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கட்டத்துக்கு ஒன்றாகச் சோதனை எழுதினோம். மே மாதம் தொடங்கி மூன்று வாரம் நோட்டும் கணினியும் சேர்ந்து ஓடின. ஒன்பது ரசீதுகளில் வேறுபாடு வந்தது. எட்டு நோட்டில் நடந்த கூட்டல் தவறு. ஒன்று எங்கள் நிரல் தவறு. ஸ்பெக்கில் சரியாக இருந்ததை நாங்கள் மாற்றி எழுதியிருந்தோம், அரை மணியில் திருத்தினோம்.

ஜூலையில் மழை பிடித்தது. தொடர்ந்து இரண்டு இரவு மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் காலை வெள்ளை எண், சிவப்பு எண் எல்லாமே முடிவு வராமல் கிடந்தன. எட்டு மணிக்கு எடை போடுபவர் எண் கேட்டார்; அமைப்பு மறுத்தது. எழுதியபடியே சரியாக மறுத்தது. வாசலில் கேன்கள் நிற்கின்றன, பால் கட்டத் தொடங்கினால் அது ஒட்டுப்பால் என்ற மலிவான கழிவு ரப்பரின் விலைக்குத்தான் போகும். ஒரு வயதானவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "மக்களே, மிஷின் வேண்டாம்னு சொல்லிச்சு, சரி. இந்தப் பாலை நான் எங்க கொண்டு ஊத்த?"

அன்று நோட்டை எடுத்து எழுதித்தான் சமாளித்தார்கள்.

தவறு எங்கே என்று அன்று மாலை உட்கார்ந்து பார்த்தோம். கெட்டது எதுவும் நடக்காது என்பதைச் சரிபார்த்திருந்தோம். நடக்க வேண்டியது கடைசியில் நடந்தே தீரும் என்பதைச் சரிபார்க்கவில்லை. லெஸ்லி லாம்போர்ட் 1977-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார், படித்தும் இருக்கிறோம். ஆனாலும் 'மறுக்கும்' என்று எழுதிய கட்டத்தை நிரம்பிய கட்டமாக எண்ணிவிட்டோம். மறுத்த பிறகு எதிரே நிற்கும் மனிதர் என்ன செய்வார் என்பதும் புறநடத்தைதான்.

மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி ஒன்று நிலையத்தில் சும்மா கிடந்தது. பாலில் மிதக்கவிட்டால் டி.ஆர்.சி.யை உடனே உத்தேசமாகக் காட்டும். உலர்த்தி நிறுப்பது போலத் துல்லியமாக இருக்காது. எண் தீர்ந்த நாளில் மெட்ரோலாக் அளவைப் பதியலாம், ரசீதில் 'உத்தேசம்' என்று அச்சாகும், அந்த அளவே இறுதி என்று குழு விதி செய்தது. அட்டவணையில் இரண்டு வரி மாறியது. நிரலில் ஒரு நாள் வேலை.

இன்னொரு குறை செப்டம்பரில் தெரிந்தது. சில தோட்டங்களில் வெட்டுபவருக்குக் கூலிக்குப் பதிலாகப் பாலில் பங்கு. ரசீது தோட்டக்காரர் பெயரில் வருகிறது. பங்கைப் பிரித்துக் கொடுப்பது அவர் கையில். வெட்டுபவருக்குத் தன் பங்கு எவ்வளவு என்று காட்ட ஒரு தாளும் கிடையாது. எங்கள் ஸ்பெக்கில் 'உறுப்பினர்' என்ற சொல் மட்டுமே இருந்தது. ஏனென்றால் ஆறு வாரமும் நாங்கள் பேசியது அலுவலக மேசையைச் சுற்றி இருந்தவர்களிடம். அதிகாலை நாலு மணிக்கு ஹெட்லைட் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பவர் ஒருவரைக்கூட நாங்கள் கூப்பிடவில்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மறுபடி செய்தால் மாற்றுவது

மறுக்கும் என்று எழுதும் ஒவ்வொரு கட்டத்திலும் 'மறுத்த பின் அவர் செய்வது' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அது காலியாக இருந்தால் கட்டமே காலி.

'உடனே' என்ற சொல்லை ஸ்பெக்கில் அனுமதிக்க மாட்டோம். ரசீது உடனே அச்சாகும் என்று எழுதியிருந்தோம். முதல் வாரம் ஒரு ரசீதுக்கு 11 நொடி ஆனது. அறுபது கேனுக்கு அது சேர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல். நொடிக் கணக்கை எழுதியிருந்தால் அச்சுப்பொறி வாங்கும்போதே பார்த்திருப்போம்.

'நடக்காது' என்று மேலிருப்பவர் சொன்னால், அந்தக் கட்டத்தைக் கையால் வேலை செய்பவரிடம் தனியாக ஒருமுறை கேட்போம். செயலாளர் முன்னால் கணக்கர் அன்று வாய் திறந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதை நம்பி முறை வகுக்க முடியாது.

அலாயைப் பயன்படுத்தியது சிறு பகுதிக்கு மட்டும். அதை மாற்ற மாட்டோம். எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தால் ஆறு வாரம் போதாது. விலையும் பைசாவும் போன்ற இடங்களில் அதனால் பெரிய பயனும் இல்லை. ஒரே பொருளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கோரக்கூடிய இடம் எதுவோ, அங்கே மட்டும் போதும்.

இப்போதைய நிலை

நிலையம் கணினிக் கணக்கிலேயே ஓடுகிறது. சண்டை போட்டுவிட்டுப் போன அந்த உறுப்பினரின் கேன் ஜூன் முதல் மறுபடியும் வருகிறது. ஒட்டுப்பால் கொள்முதலையும் சேர்த்துத் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பங்கு ரசீதையும் அதனுடன் சேர்த்தே எழுதத் தொடங்கியிருக்கிறோம். அதற்கான முதல் கூட்டம் வெட்டு முடிந்து கேன்கள் இறங்கிய பிறகு, காலை பத்தரைக்கு, எடை போடும் கொட்டகையில். மூன்று பால்வெட்டுத் தொழிலாளர்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் தீட்டிய தாளை அச்சிட்டு வைத்தாயிற்று. இந்த முறை அதில் 19 கட்டங்கள் காலி.